முன்னால் நிற்கும் பின்

காலை ஐந்து நாற்பது.
காக்கசஸ் சரிவில், நான்காம் லிஃப்டின் கீழ்க் கொட்டகையில்
ஏதெரி கையுறையைப் பல்லால் கடித்து உருவுகிறாள்.
விரல் தெரிந்தால்தான் ஃபோன் அவளை ஒத்துக்கொள்ளும்.

"நான்காம் லிஃப்ட். உச்சியில் காற்று நொடிக்குப் பத்தொன்பது மீட்டர்.
கோச்சா சொல்லும்வரை ஓட்ட வேண்டாம்."
அனுப்பினாள். மூன்று புள்ளியைத் தொட்டாள். பின்.

தமிழில் எழுதும்போதுதான் கவனிக்கிறேன்:
எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிற ஒன்றுக்குப்
பின் என்று பெயர்.

கம்பெனிப் பக்கத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
சறுக்குக் கட்டை வாடகைக்குத் தருகிறவர்கள்,
கேன்டீனில் பீன்ஸ் ரொட்டி சுடுகிறவர்கள்,
மலையை நாட்காட்டியில் மட்டும் பார்த்த
திபிலிசி ஆபீஸ்காரர்கள்.
இத்தனை பேருக்கும் ஒரே ஒரு ஊசி.

ஏழு மணிக்குத் திபிலிசி விழிக்கிறது.
"புதுச் சீருடை! அளவை வியாழனுக்குள் தெரிவிக்கவும்."
பின்.

ஏதெரியின் காற்று இறங்குகிறது,
நாத்தேலாவுக்கு நாற்பத்தாறு பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில்,
ஆறு நாய்க்குட்டிகள், ஒன்று மட்டும் கறுப்பு, வேண்டுவோர் கேட்கவும்
என்பதற்கும் அடியில்,
இடதுகைக் கையுறை ஒன்று காணவில்லை என்பதற்கும் அடியில்.

எட்டேகாலுக்கு ரேவாஸ் வந்தான். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்.
பொறுப்பான பையன், முதலில் ஃபோனைத் திறந்தான்,
மீடியம் என்று அளவைப் பதிந்தான்,
பச்சைப் பொத்தானை அமுக்கினான்.

பதினோரு பேர். நாற்பது நிமிடம்.
யாரும் சாகவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்,
உங்களையும் கம்பியில் தொங்கவிட எனக்கு விருப்பமில்லை.
ஒருவர் மட்டும் இறங்கியதும் பனியில் உட்கார்ந்து
பூட்ஸைக் கழற்றினார், உள்ளே பார்த்தார்,
திரும்ப மாட்டிக்கொண்டார்.

விசாரணை.
"போட்டீர்களா?"
"போட்டேன்."
"மேலே வைத்தீர்களா?"
"வைத்தேன்."
"பின்?"
அவள் பதில் சொல்லவில்லை.
ஜன்னலுக்கு வெளியே ரேவாஸ்
யாரும் ஏறாத ஒரு படியிலிருந்து
பனியை வழித்துக்கொண்டே இருந்தான்.

மறுநாளிலிருந்து ஊசிச் சண்டை.
இவள் குத்துவாள், ஏழு மணிக்கு அது பிடுங்கப்படும்.
ஏழு ஒன்றுக்கு மறுபடி குத்துவாள்.
ஏழு நான்கு. ஏழு ஐந்து.
பிடுங்குவது யாரென்று தெரியாது.
முகம் இருக்க வேண்டிய வட்டத்தில்
கம்பெனியின் நீலச் சிகரம்.

எட்டாம் நாள், ஆறு ஐம்பத்தெட்டுக்கு ஃபோன் அடித்தது.
"நான் மக்வாலா. திபிலிசி. சீருடை நான்தான்."
அவள் பின்னால் ஒரு குழந்தை கஞ்சி வேண்டாமென்று அழுதது.
"அந்த ஊசி உங்களுக்கு இன்னும் வேண்டுமா?"

ஏதெரி மேலே பார்த்தாள். உச்சி இருந்த இடத்தில் வெள்ளை.
"ஒன்பதரை வரைக்கும் வேண்டும்."
"சரி. முடிந்ததும் சொல்லுங்கள்."

அவ்வளவுதான்,
பக்கத்து வீட்டில் ஏணி இரவல் கேட்பதுபோல.
காற்றில்லாத நாட்களில் இவளே கூப்பிடுவாள்:
இன்று எனக்கு வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள்.
கஞ்சி இறங்கியதா?

சீருடை மார்ச்சில் வந்தது.
ஏதெரி அளவு சொல்லியிருக்கவில்லை.
சொல்லாதவர்களுக்கெல்லாம் டபுள் எக்ஸ்எல்.
சட்டைக் கை விரல்நுனியைத் தாண்டித் தொங்குகிறது,
கையுறைச் செலவு மிச்சம்.

இப்போது ஜூன்.
லிஃப்டின் நிழல் மாடுகள் மேல் கோடு போடுகிறது.
கோச்சா பாத்தூமி கடற்கரையில் குடை வாடகைக்கு விடுகிறான்.
பக்கத்தின் உச்சியில் இன்னும் அதே வரி,
கோச்சா சொல்லும்வரை ஓட்ட வேண்டாம்.
எடுக்க மக்வாலாவும் மறந்துவிட்டாள், ஏதெரியும்.

நேற்று இரவு இரண்டு மணிக்கு
அதற்கொரு லைக் விழுந்திருக்கிறது.
ரேவாஸ்.